புரட்டாசி ரேட்டும் தேவராஜின் புது ரூமும்

1. இழு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பெரியமேட்டுத் தோல் மண்டியில் முதலாளி பாய் என் கையில் ஓர் ஆட்டுத் தோலைக் கொடுத்து, "இழு" என்றார். எதை இழுப்பது என்று தெரியாமல் தோலின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, ஈர வேட்டியை உதறுகிற மாதிரி இழுத்தேன். மண்டியே சிரித்தது.

"தோலை இல்லடா, முடியை இழு. வயித்துப் பக்கம் ரெண்டு முடியைப் பிடிச்சு மெதுவா இழு. வரலைன்னா சரக்கு நல்லா இருக்கு. கையோட வந்துச்சுன்னா உள்ள அழுக ஆரம்பிச்சாச்சு. அதுக்கு அப்புறம் ரேட்டும் இல்ல, பேச்சும் இல்ல."

அந்த இழுப்புதான் என் பிழைப்பாகிப் போனது. என் பெயர் அந்தோணி. ஆனால் அம்பத்தூரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, 'தோல்காரர்' என்றால் சர்ச் வாசலில் பூ விற்பவர்கூட வீட்டைக் காட்டுவார். வேலைக்குப் பெயர் செலக்டர். கசாப்புக் கடைகளில் உரிக்கிற தோலைப் பார்த்து, ஃபர்ஸ்ட் செலக்ஷன், செகண்ட் செலக்ஷன் என்று தரம் பிரித்து, விலை பேசி, மண்டிக்கு எடுக்க வேண்டும். மண்டியிலிருந்து அது தோல் பதனிடுகிற டேனரிக்குப் போகும். உரிக்கும்போது கத்தி பட்டிருக்கிறதா, அம்மை வடு இருக்கிறதா, உண்ணி கடித்த புள்ளி இருக்கிறதா, எல்லாம் பார்ப்போம். ஆனாலும் முதலில் முடியை இழுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

என் ஏரியா மேற்குப் பக்கம். அம்பத்தூர் எஸ்டேட் ஓரத்துக் கடைகள், ஆவடி, வெள்ளானூர், பூந்தமல்லி, குமணன்சாவடி. காலையில் மொபெட்டில் சுற்றி விலை பேசிவிட்டால், பின்னாலேயே மண்டியின் குட்டி யானை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். மழை நாளில் மொபெட்டை வீட்டில் போட்டுவிட்டு லோக்கல் ரயிலில் போவேன். எவ்வளவு கூட்டமானாலும் எனக்கு இடம் கிடைக்கும். நான் உட்கார்ந்த உடனே பக்கத்தில் இருப்பவருக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிற வேலை வந்துவிடும். என் வீட்டுக்காரி கல்யாணமான புதிதில் ஒரே ஒரு சட்டம் போட்டாள்: வெளிக் குழாயில் குளித்துவிட்டுத்தான் வாசற்படி ஏற வேண்டும். அந்தச் சட்டத்தில் இன்று வரை திருத்தம் கிடையாது.

2. ஆடியில் டீ, புரட்டாசியில் பிரியாணி

இந்த லைனுக்கு வருகிற தம்பிகள் எல்லாரும் முதலில் கேட்பது, "அண்ணே, தோலை எப்போ விற்றால் லாபம்?" என்பதுதான். ஏதோ ரகசியம் மாதிரி கேட்பார்கள். ரகசியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தினசரி காலண்டரைக் கிழித்தாலே தெரியும்.

ஜனங்கள் கறி அதிகமாகத் தின்றால் தோல் அதிகமாக வரும், ரேட் இறங்கும். கறியை நிறுத்தினால் தோல் வராது, ரேட் ஏறும். பக்ரீத் அன்று மண்டி வாசலில் லாரி திரும்பக்கூட இடம் இருக்காது. ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் தெருவுக்குத் தெரு கடா வெட்டு. தீபாவளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் ஆட்களின் தவக்காலத்தில் கறி வியாபாரம் கொஞ்சம் படுக்கும். ஆனால் புரட்டாசி வந்தால் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமைகூடக் கசாப்புக் கடையில் ஈ ஓட்டுவார்கள். நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு கோழிக் கடைப் பக்கம்கூடத் திரும்பாமல் போவார்கள். டேனரிக்காரன் புரட்டாசி என்று வேலையை நிறுத்துவானா? அவனுக்குத் தோல் வேண்டும். அதனால் ஆடியில் ஒரு டீக் காசுக்குப் போன வெள்ளாட்டுத் தோல் புரட்டாசியில் பிரியாணிக் காசுக்குப் போகும்.

அப்படியானால் ஆடித் தோலை வைத்திருந்து புரட்டாசியில் விற்க வேண்டியதுதானே என்பீர்கள். விற்கலாம். உரித்த சூட்டோடு கல் உப்பை அள்ளிப் போட்டுத் தேய்த்து, விரித்து அடுக்கி, தண்ணீர் வடியவிட்டு, மறுபடி உப்பு போட வேண்டும். மழைச் சாரல் படக் கூடாது. எலி வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு பெண்டாட்டி வேண்டும். பெரும்பாலான கடைக்காரர்களுக்கு உப்பு கிடைத்துவிடும், எலியைக்கூடச் சமாளித்துவிடுவார்கள். அந்தக் கடைசி விஷயம் அமையாமல்தான் எல்லாரும் அன்றன்றைக்கே விற்றுவிடுவார்கள்.

தேவராஜ் மட்டும் ஒரு வருஷம் வைத்துப் பார்க்கத் துணிந்தான்.

3. ரூமுக்குள் ரூம் காசு

தேவராஜுக்கு வெள்ளானூர் ரோட்டில் ஒரு மட்டன் கடை. அவன் அப்பா காலத்தில் அந்தப் பக்கம் எல்லாம் வயல். அவருக்குக் கூலி வேலைதான். இப்போது வயலெல்லாம் பிளாட், பிளாட்டில் வந்தவர்கள் எல்லாம் அவன் கஸ்டமர். கடைக்குப் பின்னாலேயே வீடு. கை சுத்தமான ஆள். அவன் உரித்த தோலில் கத்தி வெட்டைத் தேடினாலும் கிடைக்காது. அதனாலேயே எனக்கு அவன்மேல் தனிப் பிரியம். நான் போய் இறங்கினால் வணக்கம் சொல்ல மாட்டான், "நாஸ்டா ஆச்சா?" என்றும் கேட்க மாட்டான். ஒரே கேள்விதான்.

"அண்ணாத்தே, வுட்டுடலாமா, வெச்சிக்கலாமா?"

நான் "விட்டுடு" என்றால் விற்றுவிடுவான். "ரெண்டு நாள் வெச்சிக்கோ" என்றால் உப்பை எடுப்பான். நான் வாங்குகிற பக்கத்து ஆள், அவன் விற்கிற பக்கத்து ஆள். என்னிடமே வந்து இதைக் கேட்பது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. அப்படி நம்பினவனை எப்படி ஏமாற்றுவது? கடைசி வரை நான் அவனிடம் பொய் சொன்னதில்லை.

அவன் மனைவி செல்வி ஆவடியில் ஒரு தனியார் கிளினிக்கில் ஆயா வேலை பார்த்தாள். தரையில் முகம் தெரிகிற மாதிரி துடைப்பாள். வாயும் அப்படித்தான், எதையும் மிச்சம் வைக்காது. ஒரே மகள் ரம்யாவைக் குமணன்சாவடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ரம்யா முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தபோது தேவராஜ் அன்றைக்கு வந்த கஸ்டமர் எல்லாருக்கும் கொஞ்சம் ஈரல் சேர்த்துப் போட்டான்.

சந்தோஷத்தோடு கூடவே ஒரு பேஜாரும் வந்தது. தேவராஜ் வீட்டில் கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருந்தது. மழை பெய்தால் கணுக்கால் தண்ணீரில் நடந்துதான் போக வேண்டும். ரம்யாவின் மாமியார் வீட்டில் ரூமை ஒட்டியே பாத்ரூம், உட்காருகிற கோப்பை, சுடுதண்ணீர் எல்லாம் உண்டு. "பிரசவத்தை இங்கேயே வெச்சிக்கலாம் சம்பந்தி. மழைக்காலத்துல பொண்ணு அங்க வழுக்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று அந்தம்மா சொல்லிவிட்டது. தப்பாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னது. ஆனால் தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்கவில்லை என்றால் தேவராஜுக்கும் செல்விக்கும் செத்ததற்குச் சமம்.

"ரூம் கட்றேன். உள்ளாறவே பாத்ரூம் வெச்சிக் கட்றேன். அப்பறம் இன்னா சொல்லுவாங்கோ பாக்கறேன்" என்று தேவராஜ் கிளம்பினான். சுவர் எழும்பியது, மேலே கூரையும் போட்டாயிற்று. அதோடு கை காலி. டைல்ஸ், கோப்பை, கதவு மூன்றும் பாக்கி. ஐப்பசி பிறந்ததும் வளைகாப்பு, அன்றைக்கே பெண்ணை அழைத்து வருவது என்று பேச்சு.

அப்போதுதான் அவனுக்கு ஆடித் தோல் யோசனை வந்தது. தன் கடைத் தோல் மட்டும் இல்லாமல், பக்கத்துக் கடைகள் தூக்கிப் போடுகிற விலைக்குத் தந்ததையும் வாங்கினான். எல்லாவற்றையும் உப்பு போட்டு அடுக்க இடம் வேண்டுமே! கதவில்லாத அந்தப் புது ரூமிலேயே அடுக்கினான். வாசலில் ஒரு தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டான்.

நான் போய்ப் பார்த்தபோது அடுக்கு என் மார்பு உயரம் இருந்தது.

"ரூமுக்கு வேண்டிய துட்டு ரூமுக்குள்ளாறவே கீது அண்ணாத்தே" என்றான், மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி முகம் கொள்ளாத சிரிப்போடு.

"இவரு பேங்க்ல போட்டுகினு கீறாரு" என்றாள் செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு. "அண்ணே, சோத்துல கை வெச்சா தோல் நாத்தம் வருது. தெருவுல ஒருத்தி எங்கூட பேசறதில்ல. கலீஜு! ரம்யா வர்றதுக்குள்ள இந்த ரூம் பளபளன்னு ஆவணும், சொல்லிட்டேன். இல்லாங்காட்டி இவரையும் சேத்து அந்தத் தார்ப்பாய்ல சுருட்டிடுவேன்."

உப்பு நன்றாகப் போட்டிருந்தான். நாலைந்து இடத்தில் முடியை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. "வெச்சிக்கோ" என்றேன்.

4. வெள்ளைத் தூள்

ஆவணியில் சாயங்காலம் சாயங்காலம் இடி மழை. புரட்டாசி பிறந்தது. கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மண்டி ரேட் வாய்ஸ் மெசேஜாக வரும். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. யார் பேசினாலும், "யாரும் அவுத்து வுட்டுடாதீங்கோ, மூணாவது சனிக்கெழமைக்கு மேல பாருங்கோ" என்றுதான் பேச்சு. அவர்கள் சொன்னதும் நியாயம்தான். புரட்டாசியில் உச்ச ரேட் அப்போதுதான் வரும்.

ஒரு நாள் காலை நான் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பேசியது தேவராஜ் இல்லை, செல்வி.

"அண்ணே, கொஞ்சம் வர்றியா. முடி கையோட வருதாம். இந்த ஆளு தலையில கைய வெச்சிகினு குந்தினு கீறாரு. எனக்குப் பயமா கீது."

டீயைக் கீழே வைத்தது நினைவில்லை. வெள்ளானூர் போய் இறங்கினேன். தேவராஜ் புது ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தான். தார்ப்பாயை விலக்கி உள்ளே போய் மேல் அடுக்கில் முடியை இழுத்தேன். கொத்தாக வந்தது. அடுத்ததிலும் வந்தது. அந்த டைல்ஸும் கதவும் என் கண் எதிரிலேயே போவது மாதிரி இருந்தது. ரம்யா மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொள்வாள். இந்த மனுஷன் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே மாய்வான்.

ஆனால் ஏதோ இடித்தது. அழுகின தோலுக்கு ஒரு வாடை உண்டு. மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும். இங்கே அந்த வாடை இல்லை. தோலைப் புரட்டிச் சதைப் பக்கம் தடவினேன். கெட்டியாகத்தான் இருந்தது, வழவழப்பு இல்லை. முடிப் பக்கம் மட்டும் திட்டுத் திட்டாக வெள்ளைப் பூச்சு. உப்பு என்றால் நறநறக்கும். இது மாவு மாதிரி விரலில் ஒட்டியது.

"செல்வி, இதுமேல எதாவது போட்டியா?"

"நான் இன்னா போட்டேன்? நாத்தம் தாங்கல, செவுத்துக்கு வெள்ள அடிச்சது போவ மிச்சம் சுண்ணாம்புத் தூள் அர மூட்ட கெடந்துச்சு. கிளினிக்கு வாசல்ல தண்ணி நின்னா அத்தத்தான் தூவுவாங்கோ. அதான் சுத்தியும் தூவிட்டு மேலயும் ரெண்டு கை தூவுனேன். கிருமி சாவட்டும்னு."

தேவராஜ் எழுந்துவிட்டான். "அடிப்பாவி, எப்போ தூவுனே?"

"மழ பேஞ்ச அன்னிக்கு. நீதான் பாத்தியே!"

"நான் உப்புன்னு நெனச்சேன்!"

"உப்பும் வெள்ள, இதுவும் வெள்ள. நாலு நாளு நாத்தம் கொறஞ்சிதா இல்லியா? அப்போ மட்டும் நல்லா காத்து வருது செல்வின்னு சொன்னியே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன், அந்த நேரத்தில் சிரித்தால் தேவராஜ் கத்தியை எடுப்பான். விஷயம் இதுதான்: டேனரியில் முதல் வேலையே தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு முடியை எடுப்பது. பாய் என்னைக் கொஞ்ச காலம் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் விட்டிருந்ததால் இதைக் கண்ணால் பார்த்தவன் நான். மழை ஈரத்தில் உப்புத் தண்ணீர் கசிய, அதில் செல்வியின் சுண்ணாம்பு கரைய, டேனரி வேலை இந்தப் புது ரூமிலேயே ஆரம்பித்துவிட்டது. தோல் அழுகவில்லை, முடி மட்டும் கழன்றிருந்தது. அடியில் இருந்த அடுக்குகளை இழுத்துப் பார்த்தேன். அங்கே ஒரு முடிகூட அசையவில்லை.

"தேவராஜ், பொழச்சே. சரக்கு கெடல. ஆனா இப்படியே கிடந்தா கெடும். சுண்ணாம்பு காத்துப் பட்டுக் காய்ஞ்சிட்டா கறை புடிச்சிக்கும், அப்புறம் எந்த டேனரியும் தொடாது. வீட்டுல கழுவவும் கூடாது, உப்பு போயிடும். இன்னிக்கே ஏத்து."

அவன் என்னையே பார்த்தான். பிறகு போனை எடுத்து அன்றைய வாய்ஸ் மெசேஜைப் போட்டான். ரேட் இன்னும் ஏறும், அவிழ்த்து விடாதீர்கள் என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஊரே வெச்சிக்கோன்றான். நீ மட்டும் வுட்டுடுன்றே." குரல் இறங்கிப் போயிருந்தது. "அண்ணாத்தே, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதே. நீ இப்போ பாய் ஆளா பேசறியா, நம்ம ஆளா பேசறியா?"

எத்தனையோ வருஷப் பழக்கம். அந்தக் கேள்வியை அவன் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கோபமும் வந்தது. சத்தியம் செய்யப் போய் நிறுத்திக்கொண்டேன். உண்மையில் அவன் கேட்டதில் தப்பு என்ன? என் சம்பளம் பாய் கொடுப்பதுதானே. அவன் மகள் வருகிற ரூம் அது.

செல்விதான் முடித்து வைத்தாள். "யோவ், அண்ணன் கண்ணப் பாரு. நம்ம பொண்ணுக்கு ஒண்ணுன்னா அழுவுற மூஞ்சியா, ஏமாத்தற மூஞ்சியா? ரேட்டு ஏறட்டும், எறங்கட்டும். மூணாவது சனிக்கெழம வரிக்கும் வெச்சிகினு கீந்தா கொத்தனாரு எப்போ டைல்ஸ் ஒட்டுவாரு? பொண்ணு வந்து சிமெண்ட் மேலயா படுப்பா? வண்டியக் கூப்புடு."

சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் தோலை அவளே தூக்கினாள்.

5. பாய் இழுத்த முடி

குட்டி யானையில் டிரைவர் பக்கத்தில் செல்வி உட்கார்ந்துகொண்டாள். "சுண்ணாம்பு போட்டது நானு, பதில் சொல்றதும் நானு" என்றாள். தேவராஜ் பின்னால் தோலோடு தோலாக. நான் மொபெட்டில்.

மண்டியில் பாய் வண்டி ஓரத்தில் வந்து நின்றார். வயதாகி, கண் மங்கியிருந்தாலும் விரல் மங்கவில்லை. மேல் தோலில் முடியை இழுத்தார். வந்தது. கையில் வந்த முடியைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், விரலை விரலோடு தேய்த்தார்.

"அந்தோணி, இது யாரு சுண்ணாம்பு போட்டது?"

"நான்தான் பாய்" என்று செல்வி முன்னால் வந்தாள். "ஊட்டுல புள்ளத்தாச்சிப் பொண்ணு வர்றா. நாத்தம் போவணும்னு போட்டேன்."

பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அல்லாவே! டேனரில கூலி கொடுத்துச் செய்யற வேலைய இந்தம்மா ஊட்டுக்குள்ளயே செஞ்சிருக்கு."

செல்வி விடுவாளா? "அப்போ பாதி வேலைய முடிச்சிக் குடுத்துக்கீறேன் இல்ல? அதுக்குக் கூலி இன்னா பாய், சொல்லுங்கோ."

நான் பயந்துவிட்டேன். அத்தனை வருஷத்தில் பாயிடம் யாரும் அப்படிப் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. பாய்க்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது போல. ஒவ்வொரு தோலாகத் தானே புரட்டிப் பார்த்தார். சுண்ணாம்பு அதிகமாகச் சுட்டிருந்த சிலதை ஒதுக்கினார். மற்ற திட்டு விழுந்த தோலை எல்லாம் தனியாகப் போட்டு, அன்று சாயங்காலமே டேனரிக்கு லாரி ஏற்றச் சொன்னார். நல்ல தோலுக்கு அன்றைய ரேட். திட்டுத் தோலுக்கும் அதே ரேட். "இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்மா" என்றார்.

தேவராஜ் என் பக்கம் திரும்பினான். என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஆட்டு முடியை எடுத்துப் போட்டான். அவ்வளவுதான் அவன் கேட்ட மன்னிப்பு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ரேட் அதன் பிறகும் ஏறியது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மூன்றாவது சனிக்கிழமைக்கு மேல் நன்றாகவே ஏறியது. தேவராஜ் தினமும் அந்த வாய்ஸ் மெசேஜை எனக்கு அனுப்பி, கீழே அழுகிற பொம்மை ஒன்றையும் அனுப்புவான். அனுப்பிக்கொண்டே டைல்ஸ் கடைக்கும் போய்வந்தான். ரோஸ் கலரில் பூப்போட்ட டைல்ஸ். செல்வி அந்த ரூமைக் கழுவின கழுவலில் புதுச் சிமெண்டே பெயர்ந்துவிடும் என்று கொத்தனார் கையெடுத்துக் கும்பிட்டார். ஐப்பசியில் கதவு மாட்டினார்கள். வளைகாப்பு முடிந்து ரம்யா கை நிறைய வளையலோடு வந்து, நேராகப் புது பாத்ரூமைத் திறந்து பார்த்தாள். மாமியார் கூடவே வந்து குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டத விட நல்லாவே கீது சம்பந்தி" என்றது. தேவராஜ் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

6. கேட்ட கேள்வி

பெண் குழந்தை பிறந்தது. நான் வீட்டுக்காரியோடு பார்க்கப் போனேன். இரண்டு முறை குளித்துவிட்டுத்தான். ரோஸ் டைல்ஸ் ரூமில் ரம்யா குழந்தையை என் கையில் கொடுத்தாள். தலை நிறையக் கறுகறு என்று முடி. என் விரல் இருக்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாது. அது பாட்டுக்குப் போய் இரண்டு முடியைப் பிடித்து மெல்ல இழுத்துவிட்டது.

செல்வி என் கையில் ஒன்று போட்டாள். "கஸ்மாலம்! கொழந்த தலையா, தோலா இது?"

"ஃபர்ஸ்ட் செலக்ஷன்" என்றேன். ரம்யா தையல் வலிக்குது மாமா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாதம் ஓடியது. குழந்தை கவிழ்ந்து படுத்துத் தலை தூக்கியது. தேவராஜ் கடையில் இருப்பதே குறைந்துவிட்டது. கறி வெட்டுவான், கை கழுவுவான், ரூமுக்கு ஓடுவான், மறுபடி வந்து வெட்டுவான். எடை போடும்போதே பேத்தி எப்படிச் சிரிக்கிறது என்று கஸ்டமருக்கு நடித்துக் காட்டுவான். ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை ஆட்டோ எடுத்துக்கொண்டு அழைக்க வந்தார். அன்று நான் தோல் பார்க்கப் போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

பை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. குழந்தை மட்டும் தேவராஜ் தோளில். வாசல் கேட் அருகில் வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றான். பழக்க தோஷம்தான். குரல் உடைந்து வந்தது.

"அண்ணாத்தே... வுட்டுடலாமா, வெச்சிக்கலாமா?"

"நைனா! நான் இன்னா தோலா?" என்றாள் ரம்யா. சிரிக்கத்தான் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் பதில் இருந்திருக்கிறது. மழையைப் பார்த்து, மாதத்தைப் பார்த்து, சரக்கைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அன்று மட்டும் இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள் என்று சொல்லிவிட ஆசை. மாப்பிள்ளை ஆட்டோவுக்கு வெளியே நின்று, குழந்தையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டியபடி இருந்தார். அவரும் இத்தனை மாதம் வாரம் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனவர்தானே.

"விட்டுடு தேவராஜ்" என்றேன்.

அவன் தலையாட்டினான். குழந்தையின் உச்சியில் முகத்தை வைத்து முகர்ந்தான். அப்புறம் கொடுத்துவிட்டான். நான் சொன்னேன் என்பதற்காகத்தான் கொடுத்தான் என்று எனக்குத் தெரியும். என் மொத்த சர்வீஸில் எனக்குக் கிடைத்த பெரிய சர்ட்டிபிகேட் அதுதான்.

இப்போது நான் மண்டிக்குப் போவதில்லை. தம்பிகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ரேட்டைப் போனில் கேட்கலாம், ஆனால் விற்கிற நாளைப் போன் சொல்லாது. சரக்கைப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். விற்கிறவன் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்துகொண்டு சொன்னால்தான் அவன் நம்மை நம்புவான்.

ரம்யா போன அன்று சாயங்காலம் தேவராஜ் போன் செய்தான். "இன்னா ரேட்டு அண்ணாத்தே?" என்றான். சொன்னேன். அவன் காதில் வாங்கவில்லை என்று தெரிந்தது.

"ரூம் காலியா கீது அண்ணாத்தே" என்றான்.

எனக்கும் கண்ணைக் கரித்தது. அவனைத் தேற்ற வேறு வழி தெரியாமல், "அதுக்கு என்னப்பா, ஆடி வந்துரும். மறுபடி அடுக்கிக்கலாம்" என்றேன்.

பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது. அவளும் அழுதிருக்கிறாள், மூக்கடைத்த குரல்.

"யோவ், போன ஸ்பீக்கர்ல போடு! அண்ணே, நல்லா கேட்டுக்கோ. என் பேத்தி ரூம்ல ஒரே ஒரு தோல் வந்துச்சுன்னு வெச்சிக்கோ, இவரையும் ஒன்னையும் உப்பு போட்டு அடுக்கிடுவேன். சுண்ணாம்பும் மிச்சம் கீது!"

தேவராஜ் சிரித்தான். அன்று முழுக்க அவன் சிரித்தது அப்போதுதான்.